உழைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் பொதுப்பணியில் ஊன்றி நிற்பது ஏன்?

கஷ்டப்பட்டதால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். கஷ்டம் சிலரை இறுக்கமாகவும் ஆக்கிவிடும். அந்த நேரத்தில் யாராவது கைகொடுத்திருப்பதுதான் முக்கியம். அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் நான் பக்கத்து வீட்டில்தான் படுப்பேன். காலையில் அந்த அக்காதான் தலை பின்னிவிடுவார். அவரும் வேலைக்கு ஓடவேண்டியவர். அதை யாரும் சேவை என்று சொன்னதே இல்லை.

அப்புறம், எங்கே வலிக்கும் என்பது இவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஸ்காட்லாந்தின் கெயர் ஹார்டி 10 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். இருட்டில் உட்கார்ந்து காற்றோட்டக் கதவைத் திறந்து மூடும் வேலை. 1892இல் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானதும், வேலையில்லாதவர்களுக்காக விடாமல் பேசினார். வேலை போனால் வீடு என்ன ஆகும் என்பதைச் சிறு வயதிலேயே பார்த்தவர் அவர்.