வாகனக் கேள்வி–பதில்: எஸ்யூவியை நிறுவனத்திடமே விற்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் 2019-ஆம் ஆண்டின் புரோட்டோன் எக்ஸ்70 எஸ்யூவி இருக்கிறது. பழைய கார்களை நேரடியாக வாங்கும் நிறுவனம் ஒன்றின் செயலியில் விவரங்களைக் கொடுத்தபோது, 52,000 முதல் 58,000 ரிங்கிட் வரை கிடைக்கலாம் என்று காட்டியது. நம்பிக்கையோடு பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவுக்குக் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 46,000 என்றார்கள். இது ஏமாற்று வேலைதானே?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஏமாற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது, உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. செயலி காட்டியது வண்டியைப் பார்க்காமல் சொன்ன விலை. ஆண்டு, மாடல், ஓடிய கிலோமீட்டர் ஆகிய மூன்றை மட்டும் வைத்து, நல்ல நிலையில் உள்ள வண்டி என்று எண்ணிக் கணக்கிட்டது அது. உங்களை வாசல் வரை வரவழைப்பதும் அந்த எண்ணின் வேலைதான் என்பதை மறந்துவிட வேண்டாம். பரிசோதனைக்குப் பிறகு சொல்லப்படுவதே உண்மையான விலை. அதையும் பெரும்பாலும் அந்த நிறுவனம் தன் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. பரிசோதனை அறிக்கையையும் படங்களையும் பழைய கார் வியாபாரிகளுக்கு இணையத்தில் ஏலமாக விடுகிறார்கள். வாங்குகிற வியாபாரி பழுது பார்த்து, மெருகேற்றி, சில வாரங்களோ சில மாதங்களோ கடையில் நிறுத்திவைத்து, உத்தரவாதமும் கொடுத்து விற்றாக வேண்டும். அந்தச் செலவுகளும் இலாபமும் முன்கூட்டியே உங்கள் விலையிலிருந்து கழிகின்றன. ஆகவே கடையில் இதே வண்டிக்கு ஒட்டியிருக்கும் விலையோடு உங்களுக்குச் சொன்ன விலையை ஒப்பிடுவது, சந்தையில் மீன் விற்கும் விலையைப் படகுத்துறை விலையோடு ஒப்பிடுவது போன்றது.

எதைப் பார்த்துக் குறைத்தார்கள் என்று கேட்டீர்களா? சென்ற ஆண்டு என் வண்டியை விற்கப் போனபோது நான் அருகிலேயே நின்று கவனித்தேன். பரிசோதகர் இருபத்தைந்து வயதைத் தாண்டாத இளைஞர். அவர் முதலில் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து, வழக்கமாக உள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசிப் பகுதியை விரலால் தடவிப் பார்த்தார். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியை எவ்வளவுதான் கழுவினாலும் அந்த இடத்தில் சேற்றுக் கறை தங்கிவிடுமாம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பார்த்த பிறகு யாரும் இதில் அசட்டையாக இருப்பதில்லை. அடுத்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைக் கதவுகளின்மேல் வரிசையாக வைத்து வண்ணப்பூச்சின் கனத்தை அளந்தார். இடப்பக்கப் பின்கதவில் மட்டும் எண் இரண்டு மடங்காகக் காட்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் பூசிய வண்ணம், நானே மறந்துபோயிருந்தேன். பிறகு குனிந்து டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொண்டார். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளம் தேயாமல் இருந்தாலும் வயது காட்டிக்கொடுத்துவிடும்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விற்பதற்கு முன் கீறலை மறைக்க முழுக் கதவுக்கும் வண்ணம் பூசுகிறவர்கள் செலவும் செய்து விலையையும் இழக்கிறார்கள். ஏனெனில் கனமான பூச்சு விபத்தைப் பற்றிய சந்தேகத்தைத்தான் கிளப்பும். அதற்குப் பதிலாகச் சர்விஸ் புத்தகத்தையும் பட்டறை ரசீதுகளையும் ஆண்டுவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். இரண்டாவது சாவியையும் தேடி எடுங்கள். உங்கள் மாடலில் இன்னொன்றும் உண்டு. 2018 டிசம்பரில் அறிமுகமான எக்ஸ்70 சீனாவிலிருந்து முழுமையாக இறக்குமதியாகி, ஆறு வேக கியர்பெட்டியுடன் வந்தது. 2020-இல் தஞ்சோங் மாலிமில் பொருத்தத் தொடங்கியபோது அது ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியாக மாறியது. உங்களுடையது முதல் வகை. வாங்குகிறவர்களில் சிலர் அதைத்தான் தேடுவார்கள், சிலர் தவிர்ப்பார்கள். ஆகவே ஒரே வாரத்தில் மூன்று இடங்களிலாவது காட்டி, ஒவ்வொருவரும் தரும் விலையை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முடிவெடுங்கள். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று சொன்னால், நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

கேள்வி: ஒன்பது ஆண்டுக் கடனில் ஆறு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிவிட்டேன். இன்னும் மூன்று ஆண்டுகள் பாக்கி. வண்டியை நிறுவனத்துக்கு விற்றால் வங்கிக் கடன் என்னவாகும்? மூன்றில் ஒரு பங்கு வட்டி எனக்கு மிச்சமாகும் அல்லவா?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சகோதரி, முதல் கேள்விக்கு விடை எளிது. வங்கியிடம் கடனை முழுமையாக முடிப்பதற்கான கணக்குக் கடிதத்தைக் கேளுங்கள். எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும் என்பதும் அதில் இருக்கும். வாங்கும் நிறுவனம் அந்தத் தொகையை நேரே வங்கிக்குச் செலுத்திவிட்டு, மீதியை உங்கள் கணக்கில் போடும். வங்கி தன் உரிமைக் கோரிக்கையை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவிலிருந்து நீக்கிய பிறகே பெயர் மாற்றம் நடக்கும். அதுவரை மாதத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு இது.

இரண்டாவது கேள்விக்கு விடை கசப்பானது. நம் பழைய வாகனக் கடன் ஒப்பந்தங்களில் வட்டித் தள்ளுபடியை "78 விதி" என்ற முறையில் கணக்கிடுவார்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 78 வருவதால் அந்தப் பெயர். ஓராண்டுக் கடனில் முதல் மாதத்துக்கு வட்டியில் 78-இல் 12 பங்கு, கடைசி மாதத்துக்கு 78-இல் ஒரு பங்கு என்று, முன்பாரம் அதிகமாக இருக்கும். உங்கள் 108 மாதங்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை 5,886. கடைசி 36 மாதங்களின் பங்கு வெறும் 666. அதாவது மொத்த வட்டியில் சுமார் 11.3 விழுக்காடுதான் உங்களுக்குத் தள்ளுபடி. 33 விழுக்காடு அல்ல.

எண்களில் பார்ப்போம். 90,000 ரிங்கிட் கடன், அந்த முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி என்றால் ஒன்பது ஆண்டு வட்டி 24,300. மாதத் தவணை ஏறக்குறைய 1,058. மீதமுள்ள 36 தவணைகள் சேர்ந்து 38,100. அதில் தள்ளுபடி 2,750 மட்டுமே. ஆக, முடிப்புத் தொகை சுமார் 35,350. வண்டிக்கு 46,000 கொடுத்தார்கள் என்றால் உங்கள் கைக்கு வருவது 10,650. விலை பேசும்போது எல்லாரும் 46,000 என்ற எண்ணையே பார்க்கிறோம். நீங்கள் இந்தக் கடைசி எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போய் உட்காருங்கள். விலை முடிப்புத் தொகைக்கும் கீழே போனால் வித்தியாசத்தை நீங்கள்தான் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: தம்பி, என் மகனின் நண்பர் ஒருவர், நிறுவனத்துக்கு விற்க வேண்டாம், தவணையை நானே தொடர்ந்து கட்டுகிறேன், கையில் 8,000 தருகிறேன் என்கிறார். தெரிந்த பையன்தான். கொடுக்கலாமா?
— வாசகி, செந்தூல்

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. "சம்போங் பாயார்" என்று ஊரில் சொல்லும் இந்த ஏற்பாட்டில் வண்டி மட்டும் போகும், கடன் உங்கள் பெயரிலேயே இருக்கும். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி கடன் முடியும்வரை வண்டிக்கு வங்கியே உரிமையாளர். அதன் சம்மதம் இல்லாமல் அதை இன்னொருவருக்குக் கைமாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. பையன் மூன்று மாதம் கட்டிவிட்டு நான்காம் மாதம் தொலைபேசியை எடுக்காமல் விட்டால், வங்கி அழைப்பது உங்களை. சம்மன் வருவதும் உங்கள் வீட்டுக்கு. விபத்து நடந்தால் காவல் நிலையத்தில் முதலில் கேட்கப்படும் பெயரும் உங்களுடையதே. தெரிந்த பையன் என்பதால்தான் இன்னும் சங்கடம். பிறகு அவன் பெற்றோரோடு முகம்கொடுத்துப் பேசவும் முடியாமல் போகும்.

கேள்வி: நிறுவனத்திடம் வண்டியை ஒப்படைத்தபின் பெயர் மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: இதில் நான் சூடு கண்ட பூனை. பல ஆண்டுகளுக்கு முன் என் முதல் வண்டியை ஒரு தரகரிடம் விற்றேன். பணம் சரியாக வந்தது. கிராண்ட் எனப்படும் வாகனப் பதிவு ஆவணம், அடையாள அட்டையின் நகல், நிரப்பப்படாமல் நான் கையெழுத்திட்ட படிவம் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஏழு மாதங்கள் கழித்து, நான் கால்வைத்தே இராத ஓர் ஊரில் வேக வரம்பை மீறியதற்காக எனக்குச் சம்மன் வந்தது. வண்டி கைக்குக் கை மாறி ஓடிக்கொண்டிருக்க, பெயர் மட்டும் என்னிடமே நின்றிருந்தது. அதைச் சரிசெய்ய அலைந்த அலைச்சலுக்கு வண்டி விற்ற பணத்தில் பாதியைச் செலவழித்திருந்தாலும் மனம் ஆறியிருக்காது.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் பி5 எனப்படும் பரிசோதனை நடக்கும். வாங்குகிறவர் கடனில் எடுத்தால் பி7 என்ற பரிசோதனையும் தேவைப்படும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே முக்கிய நோக்கம். கண்ணாடிக் கறுப்பு ஒட்டுத்தாளிலும் பலர் சிக்குகிறார்கள்: முன் கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்கச் சன்னல்கள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும், பின்னால் உள்ளவற்றுக்கு 2019-இலிருந்து கட்டுப்பாடு இல்லை. தனிநபருக்கு விற்றால் இருவரும் ஜேபிஜே முகப்பில் பெருவிரல் ரேகை வைப்பதே பாதுகாப்பான வழி. நிறுவனத்துக்கு விற்றால், எத்தனை நாளில் பெயர் மாறும், அதற்குள் வரும் சம்மன்களுக்கு யார் பொறுப்பு என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் கேளுங்கள். ஒப்படைத்த நாள், மணி, மீட்டர் எண் ஆகியவற்றைக் குறித்து, வண்டியோடு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மைஜேபிஜே செயலியில் உங்கள் வாகனப் பட்டியலைப் பாருங்கள். வண்டி அதிலிருந்து மறையும்வரை அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட வேண்டாம்.

கேள்வி: ஐந்து ஆண்டுகள் இழப்பீடே கோரியதில்லை. அதற்காகக் காப்புறுதிச் சந்தாவில் கிடைக்கும் 55 விழுக்காடு என்சிடி கழிவு வண்டியோடு போய்விடுமா? நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ ஒட்டுச்சில்லையும் கழற்ற வேண்டுமா?
— வாசகர், பாயான் பாரு

பதில்: என்சிடி வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது, அடுத்து வாங்கும் வண்டிக்குக் கொண்டுபோகலாம். பெயர் மாறிய ஆதாரத்தோடு காப்புறுதி நிறுவனத்தை அணுகினால், இந்த ஆண்டில் இழப்பீடு கோரியிராத பட்சத்தில், மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும். ஆனால் பெயர் மாறும் முன் காப்புறுதியை இரத்து செய்துவிடாதீர்கள்.

ஆர்எஃப்ஐடி எனப்படும் அந்த ஒட்டுச்சில் உங்கள் மின்பணப்பையோடு இணைந்திருப்பது. அதை உரித்தால் மட்டும் போதாது, செயலியிலும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய உரிமையாளர் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போய்வருவதற்கு நீங்கள் கட்டணம் கட்டுவீர்கள். கையுறைப் பெட்டியில் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான ஸ்மார்ட்டேக் கருவி கிடக்கிறதா என்றும், பின்னிருக்கைக்கு அடியில் பிள்ளைகளின் பொருள் ஏதும் இருக்கிறதா என்றும் சாவியைக் கொடுக்கும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். என் வண்டியில் என் மகளின் ஒற்றைக் கொலுசு அகப்பட்டது.