சிகிச்சை முடிந்தது, மாத்திரைகள் முடியவில்லை: கேள்வி பதில்

புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் பொது மருத்துவர் நான். வந்த கேள்விகளில் பலவும் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: புற்றுநோய் போய்விட்டது, ஆனால் மற்ற நோய்கள் அப்படியே இருக்கின்றன, நான் எப்போது நிம்மதியாக வாழ்வது? இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மற்றபடி தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன. சர்க்கரை, பிரஷர், முழங்கால் தேய்மானம் மூன்றும் இருக்கின்றன. நான்கு டாக்டர்களிடம் போகிறேன். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது?

நான்கு பேரும் அவரவர் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். நான்கு சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. இது எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் போடுகிறீர்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. பிரஷர் ஏறியதைப் பார்த்து அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். அதனால் கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை வரும். ஆரம்பம் எதுவென்று தேடினால் அந்த வலி மாத்திரையில் போய் நிற்கும்.

ஆகவே ஒரே ஒரு மருத்துவரை, பெரும்பாலும் பொது மருத்துவரை, உங்கள் முழுக் கணக்கும் தெரிந்தவராக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், நீங்களாக வாங்கிய வலி மாத்திரை, சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றையும் காட்டி 'இது எதற்கு, இன்னும் வேண்டுமா?' என்று கேளுங்கள்.

புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சைச் சுருக்கம் ஒன்று எழுதி வாங்குங்கள். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். டாக்ஸோருபிசின், டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்துகளில் ஏதாவது ஏறியிருந்தால் இதயத்தைக் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்குப் பிரஷர் கட்டுக்குள் இருப்பது கூடுதல் முக்கியம்.

இன்னொன்று. டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னால், உங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லுங்கள். 'மாடி ஏற முடியணும்', 'ராத்திரி தூங்கணும்', எதுவானாலும் சரி. அதுவும் சிகிச்சையின் இலக்குதான். நீங்கள் சொல்லாவிட்டால் பேச்சு முழுவதும் எண்களைப் பற்றியே இருக்கும்.

கேள்வி: சிகிச்சை முடிந்து ஒரு வருடம் தாண்டியும் சோர்வு போகவில்லை. வீட்டில் 'அதான் சரியாயிடுச்சே' என்கிறார்கள். சோம்பேறி ஆகிவிட்டேனா?

இல்லை. இது தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. புற்றுநோய்க்குப் பின் வருகிற சோர்வு சிலரிடம் வருடக்கணக்கில் நீடிக்கும். இதை வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டும்.

முதலில் சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும்: ரத்தசோகை, தைராய்டு குறைவு (கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள்), தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, இதய பலவீனம், தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள். எதுவும் அகப்படவில்லை என்றால் நல்ல பலன் தருவது, கேட்க விசித்திரமாக இருக்கும், உடற்பயிற்சிதான். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான நடை என்பது பொதுவான இலக்கு. அதை நினைத்து மலைக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்புறம் இரண்டு நாள் படுத்துவிடுவதை மட்டும் தவிருங்கள்.

கேள்வி: குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறியது. பாதம் மரத்து எரிகிறது. சர்க்கரையால் என்கிறார் ஒருவர், கீமோவால் என்கிறார் இன்னொருவர்.

இரண்டும் சேர்ந்தே நரம்பைப் பாதித்திருக்கலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட நாளாகச் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும், அதுவும் மரத்துப்போக வைக்கும். அதனால் பி12 அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் சரிசெய்வது சுலபம். எரிச்சலுக்கு டுலோக்ஸெட்டின் ஓரளவு உதவும், ஆனால் ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துத்தான் தருவார்கள். மரத்த காலில் புண் வந்தால் வலி தெரியாது. தினமும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு எழுந்திருங்கள்.

கேள்வி: டாமாக்ஸிஃபென் (மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரை) சாப்பிடுகிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை போடலாமா?

போடலாம். ஆனால் மனச்சோர்வு மாத்திரைகளில் பராக்ஸெட்டின், ஃப்ளூக்ஸெட்டின் இரண்டும் டாமாக்ஸிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வென்லாஃபாக்ஸின் போன்ற மாற்று உண்டு. டாமாக்ஸிஃபென் சாப்பிடுவதை எழுதிக்கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. புற்றுநோய் முடிந்தது, இதயநோயும் சர்க்கரையும் இருக்கின்றன. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 7.6. இன்னும் குறைக்கணுமா? அடிக்கடி சர்க்கரை இறங்கி மயக்கம் வருகிறது.

பல நோய்கள் சேர்ந்த முதியவர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்றுதான் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. இந்த வயதில் சர்க்கரை திடீரென்று இறங்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். எந்த மருந்தைக் குறைக்கலாம் என்று அவருடைய மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின வாரம் தூக்கமே இல்லை.

பெரும்பாலானோருக்கு இந்தப் பயம் இருக்கிறது. ரிசல்ட் எந்த நாளில், யார் மூலம் வரும் என்பதை ஸ்கேன் எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பின் பாரம் கொஞ்சம் குறையும். ஸ்கேன் இல்லாத நாட்களிலும் பயம் துரத்தினால் மனநல ஆலோசனைக்குப் போங்கள். பேச்சு சிகிச்சைக்கு இதில் நல்ல பலன் உண்டு.

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை தொடங்கியதிலிருந்து பிறப்புறுப்பில் வறட்சி, தாம்பத்தியம் வலிக்கிறது.

கேட்டது நல்லது. டாக்டர்களும் பல சமயம் இதை விசாரிப்பதில்லை, அது எங்கள் பக்கக் குறை. ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்லை வாரத்துக்கு மூன்று நாலு முறை, தாம்பத்தியம் இல்லாத நாட்களிலும், பயன்படுத்துங்கள். உறவின்போது நீர் சார்ந்த உயவு ஜெல் தனியாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வலி தொடர்ந்தால் பெண் மருத்துவர் ஒருவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.