தட்டுகளுக்கு அடியில் நெருப்புக் கடல் இல்லை

வணக்கம் ஐயா,

உருகிய பாறைக்குழம்பின் மேல் புவித்தட்டுகள் மிதக்கின்றன என்று ஒரு காணொளியில் பார்த்தாளாம், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள். ஆனால் நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்தில் செல்லாது, மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசம் என்ற அடுக்கில் செல்லும் என்றும் படித்திருக்கிறாள். கவசம் திடப்பாறை என்றால் தட்டு எப்படி நகரும் என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் மகள் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறாள். எஸ் அலைகளை நம்பலாம். சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில், புவி மையக் கருவின் வெளிப்பகுதியான, திரவமான புறக்கரு தொடங்கும் இடத்தில்தான் அவை நின்றுபோகின்றன. அதுவரை இருப்பது, அங்கங்கே சிறிதளவு உருகல் தவிர, திடப்பாறை.

ஆனால் திடப்பொருளும் நெளியும். பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருகுவதில்லை, ஆனாலும் வளைந்து கொடுக்கிறது. பழைய கடற்தளத்துக்கு அடியில் ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் வெப்பம் 1,300 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அந்த ஆழத்துக்கு மேலே குளிர்ந்து விறைத்திருப்பதுதான் தட்டு. மேலோடு மட்டுமே தட்டு என்று பலர் நினைக்கிறார்கள்; கவசத்தின் மேற்பகுதியும் அதோடு ஒட்டியே நகர்கிறது. அடியில் இருப்பது அஸ்தெனோஸ்பியர் என்ற நெளியும் அடுக்கு. அங்கே பாறை தன் உருகுநிலையை நெருங்கி நிற்பதால், ஒலிவின் என்ற கனிமத்தின் படிகங்களுக்குள் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற, உடையாமலே நகர்கிறது. இன்னும் ஆழத்தில் அழுத்தம் உருகுநிலையை உயர்த்திவிடுவதால் பாறை மறுபடி இறுகுகிறது.

இதை நேரில் அளக்க முடிகிறது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள போத்னியா வளைகுடாவை ஒருகாலத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி அழுத்தியிருந்தது. அது உருகி சுமார் 10,000 ஆண்டுகள் ஆகியும், விலகிப்போன பாறை அடியில் இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கரை ஆண்டுக்கு 9 மி.மீ. அளவில் உயர்கிறது.

நெளியும் அடித்தளம் வழிதான் விடுகிறது. தட்டை இழுப்பது வேறு. பழைய கடற்தட்டு குளிர்ந்து, அடியிலுள்ள பாறையைவிடக் கனத்து, கடலடி அகழியில் கவசத்துக்குள் சரிகிறது. சரியும் விளிம்பு மீதியையும் இழுக்கிறது. அப்படிப்பட்ட விளிம்புகள் நீண்டிருக்கும் பசிபிக் தட்டு ஆண்டுக்கு 7 முதல் 10 செ.மீ. போகிறது, அவை மிகக் குறைவாக உள்ள ஆப்பிரிக்கத் தட்டு 2 செ.மீ. அளவே. கொதிக்கும் குழம்பு கீழிருந்து தட்டைத் தள்ளிக்கொண்டு போவதாகக் காட்டும் படங்களை ஒதுக்கிவிடுங்கள்.

நிலநடுக்கம் வருவது அஸ்தெனோஸ்பியர் நெளிவதால் அல்ல. தட்டுகள் உரசும் இடத்தின் மேற்பகுதி குளிர்ந்திருப்பதால் பூட்டிக்கொள்கிறது. அடியிலும் பின்னாலும் நகர்வு நிற்பதில்லை. சுமத்ரா அருகே தட்டுகள் நெருங்கும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. 200 ஆண்டு பூட்டிக் கிடந்தால் 10 மீட்டர் பாக்கி. 2004 டிசம்பர் 26 அன்று இப்படிச் சேர்ந்த பாக்கிதான் சுமத்ராவிலிருந்து அந்தமான்வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குச் சில நிமிடங்களில் விடுபட்டது.