நல்ல தலைவர் வந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் ஹட்டிச் (படகர் கிராமச்) சாலை மழைக்கு மழை சரிகிறது. நல்ல தலைவர் வந்தால்தானே விடியும்? (வாசகர், கோத்தகிரி)

பதில்: வரட்டும், ஆனால் அதுவரை நீங்கள் ஏன் சும்மா இருக்க வேண்டும்? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு 6 தடவை கிராம சபை கூடுகிறது, அந்த ஊர் வாக்காளர் யாரும் போய் வரவு செலவைக் கேட்கலாம், சாலைக்குத் தீர்மானமே போடச் சொல்லலாம். பச்சைத் தேயிலை விலைக்காக 2023ல் உங்கள் பக்கத்து விவசாயிகள் உண்ணாவிரதமே இருந்தார்களே! அந்த வேகம் சாலைக்கு மட்டும் ஏன் இல்லை? கேட்க ஆளில்லாத ஊரில் எவ்வளவு நல்லவரும் மெத்தனமாகிவிடுவார். சபையில் மழுப்பினால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.