பெல்லாவுக்கு எல்லாமே கிடைத்தபோது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வரிசையில் முதல் மூன்று நாவல்களையும் தூக்கம் கெட்டுப் படித்தவள் நான். நான்காவதான ‘பிரேக்கிங் டான்’ பெரிய ஏமாற்றம். காதலன், குழந்தை, சாகாவரம் என்று பெல்லா கேட்டதும் கேட்காததும் அவளுக்குக் கிடைத்துவிடுகின்றன. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். பிறகு ஏன் மனம் நிறையவில்லை? ‘சின்னப் பிள்ளைகளுக்கு எழுதின கதையில் போய் என்ன எதிர்பார்க்கிறாய்’ என்கிறாள் தோழி. எனக்குத்தான் வயது கூடிவிட்டதா? அவளுடைய ரத்தக்காட்டேரிக் காதலன் எட்வர்ட் சொல்வதாக வந்திருக்கும் ‘மிட்நைட் சன்’ படிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் வயதில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு நாவலில்தான் இருக்கிறது, அதுவும் பாதிக்கு மேல்தான் தொடங்குகிறது.

மனுஷப் பெண் ஒருத்தி ரத்தக்காட்டேரியைக் காதலிக்கிறாள் என்றால் நாம் உடனே கேட்பது, இதற்கு அவள் என்ன விலை கொடுக்கப்போகிறாள் என்பதைத்தான். மேயர் அந்த விலையை மூன்றாவது நாவலான ‘எக்லிப்ஸ்’ஸில் மிகப் பொறுப்பாக எழுதிவைத்தார். எட்வர்டின் ரத்தக்காட்டேரிக் குடும்பத்தில் ஒருத்தியான ரோசலி தன் கதையைச் சொல்லும் இடம் நினைவிருக்கிறதா? அழகும் இளமையும் அழியாமல் இருக்கின்றன, ஆனால் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்து மூப்படையும் வாழ்க்கை போயே போய்விட்டது என்று அவள் சொல்வாள். அடுத்து அதே குடும்பத்து ஜாஸ்பர். புதிதாக ரத்தக்காட்டேரியாக மாறியவர்களின் முதல் வருடத்து வெறியை, அவர்களை வைத்தே படை திரட்டிய கொடுமையை உடம்பில் தழும்புகளோடு சொல்வான். இவை போதாதென்று அப்பா சார்லி வேறு. மாறிய பிறகு அவரைப் பார்க்கவே முடியாது என்று நினைத்துப் பெல்லா உள்ளுக்குள் விடைபெற்றுக்கொண்டே இருப்பாள். பிள்ளை, நிதானம், அப்பா. மூன்றும் போகும் என்று தெரிந்தும் அவள் ‘சரி’ என்கிறாள். அந்தச் சம்மதத்துக்காகத்தான் நாம் அவள் பின்னால் போனோம்.

நான்காவது நாவல் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்கிறது. மாறுவதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிடுகிறது. முதல் வேட்டையில் மனித வாசனை மூக்கில் ஏறியதும் பெல்லா மூச்சை அடக்கி ஓடிவிடுகிறாள், வெறி அத்தோடு அடங்கிப்போகிறது. ஜாஸ்பருக்கு ஆயுள் முழுக்கக் கைகூடாதது இவளுக்கு முதல் நாளே கைகூடுகிறது! சார்லியோ சில நாட்களிலேயே வீட்டுக்கு வந்து பேத்தியைக் கொஞ்சுகிறார். உங்கள் மனம் நிறையாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பெல்லா சந்தோஷமாக இருப்பதில் உங்களுக்கு வருத்தமில்லை. அவள் துணிந்து ஒப்புக்கொண்ட இழப்பு நடக்கவே இல்லை என்றால், அந்தத் துணிச்சலுக்கு என்ன பொருள்?

பெல்லாவைக் காதலித்த ஓநாய்ப் பையன் ஜேக்கப் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. காதலில் தோற்ற ஒரு பையனின் வலியை மேயர் அத்தனை உண்மையாக எழுதியிருந்தார். அந்த வலியோடு அவனை வளரவிட்டிருக்கலாம். அதற்குப் பதில், அவள் பெற்ற சிசுவோடு, பிறந்த அன்றைக்கே, அவனை விதியால் பிணைத்துவிட்டார். படிக்கும்போது எனக்குக் கூசியது. இன்றும் கூசுகிறது.

ஆனால் அதே ஜேக்கப் சொல்லும் நடுப்பகுதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கருவிலிருக்கும் பிள்ளை உதைத்துத் தாயின் எலும்பு முறிகிறது. அவள் குவளையில் மனித ரத்தம் குடிக்கிறாள். அவளைக் காப்பாற்ற வழியில்லாமல் எட்வர்ட் கருகிப்போகிறான். பிள்ளைக்கு ஏங்கிய ரோசலி காவல் நிற்கிறாள். விலை கொடுப்பது இங்கே உடம்பிலேயே தெரிகிறது. பதின்பருவத்தினருக்கான ஒரு காதல் நாவல் இவ்வளவு தூரம் போனது பெரிய துணிவு. பிரசவ அத்தியாயத்தை வேகவேகமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தேன். அதன்பின் நூற்றுக்கணக்கான பக்கங்கள் மிச்சமிருக்கின்றன, அவற்றில் கொடுப்பதற்கு யாரிடமும் எதுவும் இல்லை.

முடிவில் சண்டை வராததைப் பலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையில்லை. பிள்ளையை அழிக்க வந்த வோல்டூரிகள், அதாவது ரத்தக்காட்டேரிகளை ஆளும் கூட்டம், திரும்பிப்போகும் காரணம் கதைக்குள் விளையாமல், கடைசி நேரத்தில், வரப்போவதை முன்கூட்டியே காணும் ஆலிஸ் எங்கிருந்தோ அழைத்துவரும் ஒருவனிடமிருந்து வருகிறதே, அதுதான் குறை. 2012-இல் வந்த படத்தில் அந்தப் பனிவெளியில் பெரிய யுத்தமே நடக்கும். எட்வர்டின் வளர்ப்புத் தந்தை கார்லைல் சாவார், ஜாஸ்பர் சாவான். பிறகுதான் அத்தனையும் ஆலிஸ் காட்டிய காட்சி என்று தெரியும். தந்திரம்தான், ஆனாலும் என்ன போயிருக்கும் என்பதை ஒரு தடவையாவது அது நம் கண்ணில் காட்டியது.

இரண்டாவது நாவலான ‘நியூ மூன்’ மீதும் எட்வர்ட் பாதிக்கு மேல் காணவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். அவன் போனபின் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் தாங்கி வெறுமனே நிற்கும் பக்கங்கள் போதும். பிரிவைப் பாலை என்று தனித்திணையாகவே வைத்துப் பாடிய மொழியில் படிக்கும் நமக்கு அந்த வெற்றுப் பக்கங்கள் புரியாமல் போகுமா?

உங்கள் தோழியின் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பதினைந்து வயதில் படிப்பவர்கள்போல் கதையின் விதிகளைக் கறாராக நினைவில் வைத்திருப்பவர்கள் யாருமில்லை. ‘மூன்றாவது புத்தகத்தில் இப்படிச் சொன்னீர்களே’ என்று முதலில் கேட்பது அவர்கள்தான். அவர்களுக்கு எழுதும்போது கணக்கு இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். மேயர் ஏன் தள்ளுபடி செய்தார் என்பதற்கு என் ஊகம் ஒன்றுண்டு: மூன்று நாவல்கள் கூடவே வாழ்ந்த பிள்ளைகளை அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. எழுதுகிறவளாக அந்த இளக்கம் எனக்கும் தெரியும். என் தொடர் ஒன்றில் சாக வேண்டிய ஒரு பாட்டியை மூன்று அத்தியாயம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

‘மிட்நைட் சன்’ படியுங்கள். 2008-இல் அதன் முதல் பன்னிரண்டு அத்தியாயங்கள் வெளியே கசிந்துவிட, மனமுடைந்து ஒதுக்கிவைத்த மேயர் 2020-இல்தான் முடித்து வெளியிட்டார். நீளம் அதிகம், நடுவில் அலுக்கும். முதல் அத்தியாயத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உயிரியல் வகுப்பில் பெல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், அவள் ரத்தத்துக்காக அந்த வகுப்பில் இருக்கும் எல்லாரையும் கொல்வதற்கு எட்வர்ட் மனதுக்குள் திட்டமிடுகிறான், எந்த வரிசையிலிருந்து தொடங்குவது என்பது வரைக்கும். பிறகு, கொல்லாமல், அந்த மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறான்.