மகளிர் குழுவும் கடனும்: களப்பணியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் அறக்கட்டளையிடம் நன்கொடைப் பணம் 3 லட்சம் இருக்கிறது. கிராமத்துப் பெண்களுக்கு நாங்களே கடனாகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தர்மப் பணம் என்று ஊரில் பேச்சு வந்துவிட்டால் திரும்பி வராது. வசூலுக்குப் போய் நின்றால் உங்களுக்கும் வட்டிக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தை மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதப் பழக்கவும், களத்தில் ஆள் வைக்கவும் செலவழியுங்கள். 1989ல் தருமபுரியில் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டமும், 1992ல் நபார்டு (வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) 500 குழுக்களோடு ஆரம்பித்த, குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கச் செய்யும் வங்கி இணைப்பும் இந்தத் தடத்தில் வந்தவைதான். குழுவை வளர்ப்பது தொண்டு நிறுவனம், கடன் கொடுப்பது வங்கி.

கேள்வி: குழுவில் எத்தனை பேர்? என்னென்ன புத்தகம்?

பதில்: 12 முதல் 20 பேர், ஒரே தெருவோ பக்கத்துத் தெருவோ. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு–கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக். கூட்டத்திலேயே எழுதி, எல்லார் காதிலும் விழும்படி வாசித்து முடிக்க வேண்டும். ஊக்குநர் (குழுவை நடத்தும் பெண்) வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக் கடைசியில் ஞாபகத்தில் எழுதும் குழுவில்தான் தகராறு வரும். நீங்கள் போகும்போது ஏதாவது மூன்று பாஸ்புக்கை வாங்கிப் பேரேட்டோடு ஒத்துப்பாருங்கள். கையிருப்பையும் எண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

கேள்வி: ஆறு மாதம் ஆகிறது. 15 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. பாஸ்புக்கில் 4,000தான் இருப்பு என்று வங்கி மேலாளர் கடன் தர மறுக்கிறார்.

பதில்: மீதி 14,000 உறுப்பினர்களிடம் உள்கடனாக (குழு தன் சேமிப்பிலிருந்து தரும் கடன்) சுற்றுகிறது என்றால் அது நல்ல குழுவின் அடையாளம். ஊரக வாழ்வாதார இயக்கக் குழுக்களுக்கான ரிசர்வ் வங்கி விதியில் கணக்கிடுவது மொத்த நிதியை: சேமிப்பு, உள்கடன் வட்டி, திட்டத்திலிருந்து குழுவுக்குக் கிடைத்த சுழல் நிதி எல்லாம் சேர்த்து. முதல் கடன் அதைப்போல 6 மடங்கு அல்லது 1.5 லட்சம், எது அதிகமோ அது. உங்கள் சேமிப்பு 18,000. 6 மடங்கு என்றால் 1,08,000தான் வருகிறது, ஆகவே 1.5 லட்சம் கேட்கலாம். 10 லட்சம் வரை அடமானம் கிடையாது. சேமிப்பைப் பிடித்து வைக்கவும் கூடாது. பேரேட்டையும், குழுவைத் தரம்பிரித்து மதிப்பிட்ட சான்றையும் கையில் கொண்டுபோங்கள், வாய்ப்பேச்சு எடுபடாது.

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்று “வெறும் 1 ரூபாய் வட்டி” என்கிறது. குறைவுதானே?

பதில்: எந்த முதலுக்கு என்று கேளுங்கள். 12,000 ரூபாய், 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் 1,000 அசல் கட்டி, மீதி அசலுக்கு மட்டும் 1 ரூபாய் வட்டி என்றால் மொத்த வட்டி 780. அசல் குறைந்தாலும் கடைசி வரை 12,000க்கே வட்டி போட்டால் 1,440. இரண்டாவது கணக்கில் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். கடன் அட்டையில் ஆண்டு வட்டி எழுதியிருக்க வேண்டும், அதைப் பாருங்கள்.

கேள்வி: மாட்டுக் கடன் வாங்கியவர்கள்தான் அதிகம் தவணை தவறுகிறார்கள். ஏன்?

பதில்: மாடு பத்து மாதம் கறக்கும், தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். பால் வற்றிய மாதங்களில் பக்கத்துக் குழுவில் கடன் வாங்கி இங்கே கட்டுவார்கள். அங்கிருந்துதான் கடன் சுழல் ஆரம்பம். கறவை மாதங்களில் கூடுதலாகவும் வற்றிய மாதங்களில் வட்டி மட்டுமாகவும் கட்டும்படி தவணையைப் போடுங்கள். இரண்டு மாடு என்றால் ஆறு மாத இடைவெளியில் வாங்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது ஈத்து மாடாகப் பாருங்கள். ஒரே ஒரு வேளைக் கறவையை நம்பாதீர்கள்: முந்தைய வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவது சந்தையில் சகஜம். சாயங்காலமும் மறுநாள் காலையும் கண்ணெதிரே கறந்து அளந்தபிறகு விலை பேசலாம். காப்பீட்டுக் காது வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து வேறு போடவேண்டும். வில்லை இல்லாமல் மாடு செத்தால் பணம் வராது.

கேள்வி: வசூல்காரர் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் உட்காருகிறார்.

பதில்: 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி நுண்கடன் வசூலுக்குக் காலை 9க்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது. வசூல் இடம் இருவரும் பேசி முடிவுசெய்த பொது இடம். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்குத்தான் போகலாம். தேதி, நேரம், பெயர் குறித்துக்கொண்டு முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.