பட்டாளத்து வண்டியை விட்டு இறங்கிய பிறகு

(ராணுவத்தில் வண்டி, ரேஷன், ஸ்டோர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஏ.எஸ்.சி.யில் (ராணுவத்தின் சப்ளை, போக்குவரத்துப் பிரிவு) சுபேதாராக ஓய்வுபெற்று இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் வண்டி அனுப்பும் வேலையில் இருப்பவர்.)

கேள்வி: சுபேதார் சாப், வணக்கம். நான் ஏ.எஸ்.சி.யில் எம்.டி. (வண்டிப் பிரிவு) ஹவில்தார். 24 வருட சர்வீஸ் முடிந்து அடுத்த ஆண்டு வெளியே வருகிறேன். வயது 43. ஸ்ரீநகர்–லே, மணாலி–லே இரண்டு பாதையிலும் ஸ்டாலியன் (ராணுவ லாரி) ஓட்டியிருக்கிறேன். கடைசிச் சில வருடங்களாகக் கான்வாய்ப் பொறுப்பு. ஊரில் கேட்டால் ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியாக நிற்கச் சொல்கிறார்கள். நாமக்கல்லில் இருக்கும் மச்சான், "பென்ஷன் பணத்தில் ஒரு லாரி வாங்கிப் போடு, லோடு நான் பிடித்துத் தருகிறேன்" என்கிறார். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்: தம்பி, மச்சானிடம் "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் பொங்கலுக்குள் சரியாகிவிடும்.

பென்ஷனில் பாதி வரை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கலாம். ஆனால் அந்தப் பாதி 15 வருடம் கழித்துத்தான் மாதப் பென்ஷனில் திரும்பச் சேரும். அப்போது உங்களுக்கு 59 வயது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அந்தப் பணமும் லாரிக்கு முன்பணமாகத்தான் போகும். மீதிக்கு ஃபைனான்ஸ். வண்டி ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் தவணைத் தேதி தவறாமல் வரும்.

ஒரு டிரிப்பை மட்டும் கணக்குப் போடுங்கள். இங்கிருந்து புனே ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். லோடு ஏற்றிய பெரிய வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போவதற்கு மட்டும் 26,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதற்கு மேல் டோல், டிரைவர் படி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, டயர் தேய்மானம், இன்சூரன்ஸ். புனேயில் ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் மூன்று நாள் நின்றால், நாலாவது நாள் புரோக்கர் சொல்லும் வாடகைக்குத் தலையாட்டத்தான் வேண்டும். பேலன்ஸ் பணமோ, சரக்கு இறக்கிக் கையெழுத்து வாங்கிய பி.ஓ.டி. தாள் ஆபீசுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். நாமக்கல், சங்ககிரிக்காரர்கள் பிறந்ததிலிருந்து இந்தக் கணக்குக்கு நடுவே வளர்கிறார்கள். நாம் பட்டாளத்தில் என்றைக்காவது டீசலுக்குப் பணம் எண்ணிக் கொடுத்திருக்கிறோமா? வண்டி காலியாகத் திரும்பினால் ஏன் என்று யாராவது கேட்டார்களா? நமக்குத் தெரியாதது இந்தப் பணக் கணக்கு ஒன்றுதான்.

மற்றது நமக்கு நன்றாகவே தெரியும். பனி விழுந்து சோஜிலா கணவாய் மூடுவதற்குள் குளிர்கால ஸ்டாக் முழுவதும் லே போய்ச் சேர வேண்டும். நடுவில் நிலச்சரிவு வரும், வண்டி படுக்கும், டி.சி.பி.யில் (ராணுவப் போக்குவரத்துச் சாவடி) நிறுத்திவைப்பார்கள். ஆனாலும் அரிசியும் மண்ணெண்ணெயும் எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, ஒரு மூட்டை குறைந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். இதைச் செய்தவன் ஏன் ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும்? செக்யூரிட்டி வேலை கேவலம் என்று சொல்லவில்லை. கையில் இருக்கும் சரக்குக்கு அது சரியான விலை இல்லை.

ஒரு சின்ன விஷயம் பாருங்கள். ஃபர்ஸ்ட் பரேட், ஹால்ட் பரேட், லாஸ்ட் பரேட் என்று மூன்று வேளை வண்டியைச் சுற்றி வந்து, ஆயில், தண்ணீர், டயர் காற்று பார்த்த கை நமக்கு. இங்கே யார்டில் பின்பக்க ஜோடி டயர்களுக்கு நடுவே முழுக் கருங்கல் சிக்கிக்கொண்டிருக்கும். வண்டி அப்படியே கிளம்பும். அந்தக் கல் ஹைவேயில் தெறித்தால் பின்னால் வருகிற காரின் கண்ணாடி போச்சு. தெறிக்காவிட்டால் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். கல்லை எடுக்காமல் நான் கேட் பாஸ் கொடுப்பதில்லை. டிரைவர்கள் "பட்டாளத்தார் ஆரம்பிச்சுட்டார்" என்று முணுமுணுப்பார்கள். முதலாளி டயர் செலவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

ஆகவே இரண்டு வருடம் இன்னொருவர் வண்டியில், இன்னொருவர் பணத்தில் தொழில் கற்றுக்கொள்ளுங்கள். ஃபிளீட் சூப்பர்வைசர், டிஸ்பேட்ச் இன்சார்ஜ், யார்டு சூப்பர்வைசர் என்று கேளுங்கள். ஒரகடம், ஓசூர், மாதவரம், எண்ணூர்–காட்டுப்பள்ளி துறைமுகப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகள் என்று தேட இடம் நிறைய இருக்கிறது. அப்புறமும் லாரி ஆசை இருந்தால் மச்சானைக் கூப்பிடுங்கள்.

கற்க வேண்டியதில் இ-வே பில்லை, அதாவது சரக்கு அனுப்ப ஜி.எஸ்.டி.க்காக ஆன்லைனில் எடுக்கும் சீட்டை, முதலில் வையுங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு ரோட்டில் போனால் பொதுவாக அது வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு, ஆகவே புனேக்கு 6 நாள். வழியில் வண்டி படுத்தால் பட்டாளத்தில் நாம் என்ன செய்வோம்? சரக்கை அடுத்த வண்டிக்கு மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவோம். இங்கே அப்படி நகர்ந்தால், பில்லின் 'பி' பகுதியில் பழைய வண்டி நம்பரே இருக்கும். செக்கிங்கில் பிடித்தால் சரக்கோடு வண்டியையும் நிறுத்தி அபராதம் போடுவார்கள். நம்பரை மாற்றிய பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். கெடு முடியப்போகிறது என்றால் அதற்கு முன் 8 மணி நேரத்திலோ முடிந்த பின் 8 மணி நேரத்திலோ நீட்டித்துக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு இதை ஞாபகம் வைத்து போன் எடுக்கிற ஆளைத்தான் எந்த டிரான்ஸ்போர்ட்காரரும் தேடுகிறார்.

பயோடேட்டாவில் "எம்.டி. ஹவில்தார், 24 ஆண்டு" என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை வண்டி உங்கள் பொறுப்பில் இருந்தது, எத்தனை டிரைவர், என்ன வகைச் சரக்கு, எவ்வளவு தூரம், விபத்தில்லாமல் எத்தனை வருடம் என்று எழுதுங்கள். யூனிட் பெயர், இருந்த இடம், கான்வாய் கணக்கு இவற்றை எழுதாதீர்கள். அந்தத் தாள் எத்தனை வாட்ஸ்அப் குரூப்பைச் சுற்றும் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: ஐயா, என் கணவர் நாயக்காக ஓய்வுபெற்று ஒரகடத்தில் ஒரு வேர்ஹவுசில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறார். மேனேஜருக்கு 27 வயது. தினமும் சண்டை. "அந்தப் பையனுக்கு ஒரு மண்ணும் தெரியாது, லோடு மேன்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, வேலையை விடப்போகிறேன்" என்கிறார். நான் என்ன சொல்வது?
— குடும்பத் தலைவி, திருவண்ணாமலை

பதில்: அம்மா, அவரிடம் ஒன்று கேளுங்கள். இருபத்திரண்டு வயது லெப்டினன்ட் புதிதாக வந்து நின்றபோது சல்யூட் அடித்தாரா இல்லையா? அந்த லெப்டினன்ட்டுக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது? சீனியர் ஜே.சி.ஓ. (சுபேதார் போன்றவர்) பக்கத்தில் நின்று, நாலு பேர் முன்னால் மானம் போகாமல், "சாப், இப்படிச் செய்யலாமா" என்று சொல்லிக்கொடுத்தார். இந்தப் பையனுக்கும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

லோடு மேன்கள் விஷயம் வேறு. அவர்கள் காண்ட்ராக்டர் ஆட்கள். அதட்டினால் நாளைக்குப் பக்கத்து குடோனில் இருபது ரூபாய் அதிகம் வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரகடம் பக்கத்து குடோன்களில் ஒடிசா, பீகார்ப் பையன்கள் நிறைய. உங்கள் கணவர் சரளமாக இந்தி பேசுவாரே! மேனேஜர் கையை ஆட்டி ஜாடை காட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஊர் எது, வீட்டில் யார், பணம் அனுப்பினாயா என்று டீ நேரத்தில் கேட்க முடிகிற ஆள் அவர்தான். டிரைவர்களும் வடக்கே இருந்து வருகிறவர்கள் ஏராளம். நம் ஆட்கள் பலர் இந்தியை ஒரு தகுதியாகவே பயோடேட்டாவில் போடுவதில்லை. முதல் வரியில் போட வேண்டிய விஷயம் அது.

மேனேஜரின் தலைவலி என்ன என்றும் அவர் பார்க்க வேண்டும். வண்டி கிளம்பும் நேரத்துக்குள் எத்தனை ஆர்டர் ஏறியது, எத்தனை பாக்கி என்று மேலே பதில் சொல்ல வேண்டியது அந்தப் பையன். "தினம் அனுப்பும் ரிப்போர்ட்டை எனக்கும் காட்டுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். சண்டை பாதி அங்கேயே அடங்கும். அடங்காவிட்டால் வேறு இடம் பார்க்கலாம், ஆனால் அடுத்த வேலை கையில் வந்த பிறகு.

கேள்வி: பத்தாவது படித்துச் சேர்ந்தவன் நான். பட்டாளம் தரும் பட்டதாரிச் சமநிலைச் சான்றிதழைத் தனியார் கம்பெனி ஏற்குமா? ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு டி.ஜி.ஆர். (ராணுவ மறுவாழ்வு இயக்ககம்) நடத்தும் கோர்சில் எதை எடுப்பது?
— ஒரு நாயக், விருதுநகர் மாவட்டம்

பதில்: அது குரூப் 'சி' அரசு வேலைகளுக்கானது. தனியார் ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சூப்பர்வைசர் வேலைக்கு அவர்கள் டிகிரியைவிட எக்செல் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, கடைசி வருடத்தில், லாஜிஸ்டிக்ஸ் அல்லது வேர்ஹவுஸ் கோர்ஸ் இருந்தால் எடுங்கள். நண்பன் எடுக்கிறான் என்று கண்ட கோர்சில் உட்காராதீர்கள். ஊர் வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், முன்னாள் படைவீரர்களுக்கான தமிழக அரசு நிறுவனமான டெக்ஸ்கோவிலும் விசாரியுங்கள்.

கேள்வி: ராணுவ லைசென்ஸ் வைத்துக்கொண்டு வெளியே டிரெய்லர் ஓட்டலாமா?
— ஓய்வுபெற்ற டிரைவர், தேனி

பதில்: கூடாது. அது ராணுவ வண்டிக்கு மட்டும். ஆனால் அதை வைத்து ஆர்.டி.ஓ. ஆபீசில் சிவில் லைசென்ஸ் வாங்கலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் கொடுத்த ராணுவ லைசென்ஸ் இருந்தால், அதே வகை வண்டிக்கு ஓட்டிக்காட்டும் தேர்விலிருந்து விலக்கு உண்டு என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. கவுன்ட்டரில் தெரியாது என்றால் பிரிவு நம்பரைச் சொல்லுங்கள்.

டிரெய்லர் வேறு ஜாதி. ஸ்டாலியன் ரோட்டில் ஏழரை டன் ஏற்றும். இங்கே மொத்த எடை 55 டன் வரை போகும். ரிவர்ஸ் எடுப்பதே தனி வித்தை. ஒரு மூத்த டிரைவரோடு சில டிரிப் உட்கார்ந்து போங்கள். கெமிக்கல், எரிபொருள் டேங்கர் ஓட்ட நினைத்தால் அபாயச் சரக்குக்கான மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்சில் பதிய வேண்டும்.

வேலைக்குச் சேரும்போது டிஸ்சார்ஜ் புக்கின் (ராணுவத்திலிருந்து விடுவித்ததற்கான ஆவணம்) அசலைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீசில் வைத்துக்கொள்கிறோம் என்றால், ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.